வீட்டிலேயே டயாலிசிஸ்: தென்னாப்பிரிக்க முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பெரியப்பா 1970களின் நடுவில் டர்பன் துறைமுகத்தில் இருக்கும் சாலிஸ்பரி தீவில், எஸ்ஏஎஸ் ஜல்சேனா என்ற பயிற்சித் தளத்தில் சேர்ந்தவர். இந்தியர்களுக்கென்று அன்றைய கடற்படை திறந்த தளம் அது. டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தவரோ, நிறவெறி அரசை எதிர்த்த ஏஎன்சி இயக்கத்தின் ஆயுதப் படையான, எம்கே என்று எல்லோரும் சொல்லும் உம்கொந்தோ வெ சிஸ்வேயில் இருந்தவர். ஒரு காலத்தில் எதிரெதிர் அணி. வயதான பிறகு இருவருக்கும் ஒரே நோய்: சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகத்தைத் தின்றுவிட்டன. பெரியப்பா வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொண்டார். பக்கத்து வீட்டுக்காரர் வாரம் மூன்று நாள் விடியற்காலை டாக்சி பிடித்துப் போய், நான்கு மணி நேரம் மெஷினில் படுத்திருந்துவிட்டு, துவண்டு திரும்புவார்.

இந்த வித்தியாசத்துக்கு அவர்கள் இருந்த படைதான் காரணம் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். தாள்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. வீட்டு டயாலிசிஸ் என்று ஒன்று இருப்பதே பக்கத்து வீட்டுக்காரருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பெரியம்மா கேட்டார், அதுவும் நேரத்தோடு கேட்டார். இந்த வழிகாட்டி அப்படிக் கேட்பது எப்படி என்பதைப் பற்றியது.

முதல் படி: எந்தக் கதவு உங்களுடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2011ஆம் ஆண்டின் 18ஆம் எண் சட்டமான இராணுவ முன்னாள் வீரர்கள் சட்டம் இரு தரப்பையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவருகிறது. 1960 முதல் 1994 வரை நடந்த விடுதலைப் போரில் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும், அரசுப் படையோ இயக்கப் படையோ, நீங்கள் முன்னாள் படைவீரர்தான். 1961க்கு முந்தைய யூனியன் பாதுகாப்புப் படையில் இருந்தவர்களும், 1994க்குப் பிறகு தேசியப் பாதுகாப்புப் படையில் பயிற்சி முடித்து விலகியவர்களும் இதில் அடங்குவர். ஒழுங்கீனத்துக்காக நீக்கப்பட்டிருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்லும் சலுகைகளில் மருத்துவ வசதியும் ஒன்று. அதைத் தருவது இராணுவ மருத்துவச் சேவை.

சட்டத்தில் சமம். நடைமுறையில் கதவுகள் வேறு வேறு. நிரந்தரப் படையில் பணி முடித்து ஓய்வு பெற்றவருக்குப் படையின் மருத்துவத் தொடர் நிதியத்தில் பெரும்பாலும் இடம் இருக்கும். அவர் பெயர் கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. மற்றவர்கள் முன்னாள் படைவீரர் துறையின் தேசியப் பெயர்ப்பதிவில் ஏற வேண்டும். பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். தலைமறைவாக இருந்த ஆளிடம் என்ன சான்றிதழ் இருக்கும்? புனைபெயரில் பயிற்சி, வேறு நாட்டில் முகாம், திரும்பி வந்து கடை வைத்துப் பிழைத்த வாழ்க்கை. எம்கே வீரர் இந்திரேஸ் நாயுடு போன்ற ஒருவருக்கு ராபன் தீவுச் சிறையில் கழித்த பத்து ஆண்டுகளே சாட்சி. சிறைக்குப் போகாமல் செய்தி சுமந்தவருக்கு அது கூடக் கிடையாது.

ஆகவே நோய் முற்றும் முன்பே பெயரை ஏற்றிவிடுங்கள். அரசுப் படையில் இருந்தவர் தன் படை எண்ணைத் தேடி எடுக்கட்டும். விலகல் சான்றிதழ் தொலைந்திருந்தால் பிரிட்டோரியாவில் உள்ள பாதுகாப்புப் படை ஆவணக் காப்பகத்துக்கு எழுதலாம். இயக்கத்தில் இருந்தவர் தன்னோடு இருந்த, ஏற்கெனவே பதிவில் இருக்கும் இரண்டு மூன்று பேரிடம் உறுதிமொழிப் பத்திரம் வாங்கட்டும். அதில் புனைபெயர், முகாம், தளபதி பெயர், ஆண்டு எல்லாம் இருக்க வேண்டும். சாட்சிகளுக்கும் வயதாகிக்கொண்டு வருகிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

மெடிக்கல் எய்ட் என்ற தனியார் மருத்துவக் காப்பீடு இருப்பவர்களுக்கு மூன்றாவது கதவும் உண்டு. 1998ஆம் ஆண்டின் 131ஆம் எண் மருத்துவத் திட்டச் சட்டப்படி, நாள்பட்ட சிறுநீரக நோய் எல்லாத் திட்டங்களும் கட்டாயம் ஏற்க வேண்டிய நோய்களில் ஒன்று. சுகாதாரத் துறையின் தகுதி விதிக்கு உட்பட்டால் டயாலிசிஸும் அதில் அடங்கும். மகன் அல்லது மகளின் திட்டத்தில் அப்பாவைச் சார்ந்தவராகச் சேர்த்திருக்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: எண்ணைக் கேளுங்கள்

"கிட்னி கொஞ்சம் வீக்" என்று டாக்டர் சொன்னால் அதோடு திரும்பிவிடக் கூடாது. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இஜிஎஃப்ஆர் எண் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். 30க்குக் கீழே போனால் சிறுநீரக நிபுணரைப் பார்த்தாக வேண்டும். 15க்குக் கீழே போனால் கடைசிக் கட்டம். இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள், இவைதான் வீட்டு டயாலிசிஸுக்குத் தயாராகும் காலம். மூச்சு வாங்கி, கால் வீங்கி, ஆம்புலன்சில் போய் இறங்குபவருக்குக் கழுத்து ரத்தக்குழாயில் டியூப் போட்டு நேரே மெஷினில் இணைப்பார்கள். அப்புறம் மெஷினே பழக்கமாகிவிடும், வேறு பேச்சு எழாது.

படைவீரர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. முட்டி வலி, முதுகு வலி என்று ஆண்டுக்கணக்கில் வலி மாத்திரை போடும் பழக்கம் அவர்களிடம் அதிகம். ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வகை மாத்திரைகள் பழுதான சிறுநீரகத்தை இன்னும் வேகமாகக் கெடுக்கும். எல்லா மாத்திரைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

மூன்றாம் படி: எதைக் கேட்கிறோம் என்று தெரிந்து கேளுங்கள்

வீட்டு டயாலிசிஸ் என்றால் ஆஸ்பத்திரி மெஷினை வீட்டில் கொண்டுவந்து வைப்பதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒரு முறை உண்டு. ஆனால் ஒரு தடவைக்கே 120 லிட்டர் அளவில் சுத்திகரித்த நீர் வேண்டும், தடையில்லாத மின்சாரம் வேண்டும். நம் ஊரில் அது அபூர்வம். நாம் கேட்க வேண்டியது வயிற்று வழி டயாலிசிஸ். பெரிடோனியல் டயாலிசிஸ், சுருக்கமாக பிடி.

வயிற்றுக்குள் குடலை மூடியிருக்கும் மெல்லிய சவ்வே இங்கே வடிகட்டி. தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு மென்மையான குழாயைப் பொருத்துவார்கள். அதன் வழியே சர்க்கரை கலந்த கரைசலை, வழக்கமாக 2 லிட்டர், உள்ளே விட வேண்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் ரத்தத்தில் உள்ள கழிவும் மிகை நீரும் அதில் இறங்கும். அதை வடித்துவிட்டுப் புதிய பையை மாட்டுவது அடுத்த வேலை. கையால் செய்யும் சிஏபிடி முறையில் இதை நாளைக்கு நான்கு தடவை செய்ய வேண்டும், ஒவ்வொரு தடவையும் அரை மணியோ சற்று அதிகமோ ஆகும். ஏபிடி முறையில் ஒரு சிறு மெஷின் இரவு எட்டு முதல் பத்து மணி நேரத்தில், நீங்கள் தூங்கும்போதே, இதைச் செய்துவிடும். சிஏபிடிக்கு மின்சாரம் வேண்டாம். லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்த 2022, 2023இல் பெரியம்மா இதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்துக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாட்டில் இராணுவ மருத்துவமனைகள் மூன்றே: பிரிட்டோரியாவில் ஒன்று, கேப் டவுனின் வைன்பெர்கில் ஒன்று, புளூம்ஃபோன்டைனில் ஒன்று. டர்பனிலிருந்து பிரிட்டோரியா 600 கிலோமீட்டர் அளவு. வாரம் மூன்று முறை அங்கே போக முடியுமா? ஆனால் ஒருமுறை போய்க் குழாய் பொருத்தி, பயிற்சி முடித்து, பிறகு அவ்வப்போது பரிசோதனைக்கு மட்டும் போய்வர முடியும். இராணுவ மருத்துவமனை பக்கத்தில் இல்லாத வீரருக்கு உரிமை சமமாகக் கிடைக்க வேண்டுமானால், எனக்குத் தெரிந்தவரை பிடிதான் நேர் வழி. உள்ளூரிலேயே செய்ய வழி இருந்தால் வெளியே அனுப்பும் அனுமதிக் கடிதத்தை வட்டார இராணுவ மருத்துவப் பிரிவில் கேளுங்கள்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. வயிற்றில் பெரிய அறுவை நடந்திருந்தால், சரிசெய்யாத குடலிறக்கம் இருந்தால் சிக்கல். வயிற்றில் குண்டுக் காயமோ சிதறல் காயமோ பட்டவர்கள் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், உள்ளே தழும்பு ஒட்டியிருக்கலாம். "முடியாது" என்ற முடிவை வெளித் தழும்பை மட்டும் பார்த்து எடுக்கிறார்களா, லேப்ராஸ்கோப் என்ற சிறு கேமராக் குழாயை வைத்து உள்ளே பார்த்து எடுக்கிறார்களா என்று கேட்பதில் தப்பில்லை. துப்பாக்கிச் சத்தத்தில் காது மந்தமானவருக்கு ஏபிடி மெஷினின் அலாரம் கேட்காது. பழைய நினைவுகளில் தூக்கம் கெட்டவருக்கு நடு இரவில் அது அலறினால் தூக்கிவாரிப் போடும். இவர்களுக்குக் கையால் செய்யும் முறையே நிம்மதி.

நான்காம் படி: தேர்வுக் கூட்டத்துக்கு முன் தயாராகுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று ஒரு வழக்கைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அது நம் ஊர் வழக்கு, நம் பெயர். தியாகராஜ் சுப்ரமணி, 41 வயது, வேலையில்லாதவர், சர்க்கரை, இதய நோய். 1996இல் சிறுநீரகம் செயலிழந்தது. கைப்பணம் தீரும்வரை தனியார் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு டர்பன் அடிங்டன் மருத்துவமனையில் கேட்டார். அங்கே அப்போது 20 மெஷின்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியானவர்களுக்கே நிரந்தர டயாலிசிஸ் என்பது விதி. இதய நோயால் அவர் தகுதி பெறவில்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்ற அரசியலமைப்பின் 27(3)ஆம் பிரிவைக் காட்டி வழக்குப் போட்டார். 1997 நவம்பர் 27 அன்று அரசியலமைப்பு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நாள்பட்ட நோய்க்கான தொடர் சிகிச்சை அவசர சிகிச்சை ஆகாது, இருக்கும் வசதிக்குள்தான் அரசு தர முடியும் என்றது தீர்ப்பு. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

இதைப் படித்துவிட்டுக் கோர்ட்டுக்குப் போவதில் பயனில்லை என்று பலர் சோர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் வேறொரு பாடம் தெரிகிறது. விதி அறிவுக்கு ஒத்ததாகவும், நேர்மையாகவும் எல்லோருக்கும் ஒரே மாதிரியாகவும் நடத்தப்பட்டது என்பதால்தான் மருத்துவமனை ஜெயித்தது. அப்படியானால் "எனக்குக் கொடுங்கள்" என்பதைவிட, "உங்கள் விதியை என் விஷயத்தில் ஒழுங்காக நடத்தினீர்களா?" என்பது வலுவான கேள்வி. படைவீரருக்கு இன்னொரு வாதமும் உண்டு. அவர் செலவை இராணுவ மருத்துவச் சேவை ஏற்குமானால், மாகாணத்தின் மெஷினுக்கு அவர் போட்டியாளரே இல்லை. பிடி கேட்பவர் மெஷின் நாற்காலியையும் கேட்கவில்லை. "இடமில்லை" என்று சொன்னால், எதில் இடமில்லை, மெஷினிலா பிடி திட்டத்திலா என்று கேளுங்கள்.

அரசு மருத்துவமனைகளில் டாக்டர்கள், நர்சுகள், சமூகப் பணியாளர் சேர்ந்த குழு கூடி, யாருக்கு டயாலிசிஸ் தருவது என்று முடிவெடுக்கும். இதயம், வயது, எடை, புகை, மது, மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, வந்த தேதிக்கு வந்தாரா, வீடு எப்படி என்று பார்ப்பார்கள். மேற்குக் கேப் மாகாணம் நோயாளிகளை மூன்று வகையாகப் பிரிக்கும் வழிகாட்டி வைத்திருக்கிறது. உங்கள் மருத்துவமனை எழுத்தில் உள்ள எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று கேட்டு நகல் வாங்குங்கள். சிகரெட்டை இன்றே விட வேண்டும், சமாதானம் சொல்லிப் பயனில்லை. தவறிய தேதிகளுக்குக் காரணம் இருந்தால் எழுதிக் கொடுங்கள்.

வீடு சின்னது, தகரக் கூரை என்பதாலேயே தள்ளிவிட்டால் ஏற்காதீர்கள். லிம்போப்போவின் பொலோக்வானேயில் வறிய கிராமத்து நோயாளிகள் சிஏபிடி செய்த அனுபவம் மருத்துவ இதழிலேயே பதிவாகியிருக்கிறது. தேவை ஒரு சுத்தமான மூலை, கதவு சாத்தும் வசதி, கை கழுவத் தண்ணீர், நல்ல வெளிச்சம். பை மாற்றும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது, நாய் பூனை உள்ளே வரக் கூடாது. அந்த மூலையைப் போட்டோ எடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். பெரியம்மா சாமி அறைக்குப் பக்கத்து அறையைக் காலி செய்து சுண்ணாம்பு அடித்துப் படம் எடுத்தார். அதைப் பார்த்த நர்ஸ் சிரித்துவிட்டாராம்.

ஐந்தாம் படி: குழாய், பயிற்சி

குழாய் பொருத்திப் பொதுவாக இரண்டு வாரம் ஆறவிட்டுத்தான் தொடங்குவார்கள். பயிற்சி ஒன்று இரண்டு வாரம். நோயாளி மட்டும் கற்றுக்கொண்டால் போதாது. கண் மங்கினாலோ கை நடுங்கினாலோ செய்ய இன்னொருவர் வேண்டும். தாத்தாவுக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் வேகமாகச் சொன்னால் புரியாமலேயே தலையாட்டுவார் என்பது நமக்குத் தெரியும். ஒவ்வொரு படியையும் திரும்பச் செய்துகாட்டச் சொல்லும்படி நர்சிடம் கேளுங்கள். வரிசையைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

மனப்பாடம் ஆக வேண்டிய ஒன்று: வெளியே வரும் நீர் கலங்கலாக இருந்தால், வயிறு வலித்தால், காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கலங்கிய பையையும் கையோடு எடுத்துப் போங்கள். இது பெரிடோனிட்டிஸ், அதாவது வயிற்றுச் சவ்வில் கிருமித் தொற்று; காத்திருந்தால் குழாயே போய்விடும், உயிருக்கும் ஆபத்து. நீர் சரியாக வடியவில்லை என்றால் பல நேரம் காரணம் மலச்சிக்கல்தான், அதைச் சொல்ல வெட்கப்படாதீர்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இரண்டு சேதி. கரைசலில் உள்ள சர்க்கரை உடம்பில் ஏறும், இன்சுலின் அளவு மாறலாம். ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற கரைசல் கொடுத்தால், சில வகை குளுக்கோமீட்டர் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். எந்த மீட்டர் சரி என்று நர்சிடம் கேட்ட பிறகே பயன்படுத்துங்கள்.

சாப்பாட்டில், வெளியேறும் நீரோடு புரதமும் போகும். வெள்ளிக்கிழமை விரதம், ஆடி மாதக் கூழ் எல்லாம் சரி, ஆனால் முட்டை, மீன், கோழி, பருப்பு என்று புரதம் ஏதாவது தினம் வேண்டும். அளவை உணவு நிபுணர் சொல்வார். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் டாக்டரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். குழாய் வாயிலை ஆற்றிலோ கடலிலோ நனைக்கக் கூடாது, புதிதாகப் பொருத்தியவர் பாரம் தூக்கக் கூடாது. பால்குடத்தை மகன் எடுத்துக்கொண்டு அப்பா கூட நடந்தால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆறாம் படி: கால் டன் அட்டைப் பெட்டி

நாளைக்கு 8 லிட்டர் என்றால் மாதத்துக்கு 240 லிட்டர். கால் டன் எடை மாதாமாதம் வீட்டுக்கு வரும். வெயில் படாமல், தரையில் ஈரம் ஏறாமல் பலகை மேல் அடுக்க இடம் வேண்டும். மாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் லாரிக்காரர் எந்த வாசல்வரை கொண்டுவருவார் என்று ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் முதல் மாதம் பெட்டிகள் கேட்டிலேயே இறக்கப்பட்டு மழையில் நனைந்தன. யாரிடம் முறையிடுவது என்று கண்டுபிடிக்கவே மூன்று நாள் ஆனது. அப்புறம்தான் இரண்டு போன் எண்களைச் சுவரில் எழுதினோம்: பொருள் அனுப்பும் இடம், பிடி நர்ஸ்.

கையிருப்பு இரண்டு வாரத்துக்காவது இருக்கட்டும். 2021 ஜூலைக் கலவரத்தில் டர்பனைச் சுற்றிச் சாலைகள் அடைபட்டன. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, மாதக்கணக்கில் மக்கள் டாங்கர் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். கை கழுவ மூடிய கேனில் சுத்தமான தண்ணீரும், கை தேய்க்கும் ஆல்கஹால் திரவமும் எப்போதும் வைத்திருங்கள்.

நோயாளி அரசு உதவித்தொகை வாங்குபவராக இருந்து, இன்னொருவர் முழுநேரம் கவனிக்க வேண்டிய நிலை வந்தால், உதவித்தொகை வழங்கும் அரசு முகமையான சாசாவில் கிராண்ட்-இன்-எய்ட் என்ற கூடுதல் தொகைக்கு விண்ணப்பிக்கலாம். இதைப் பலர் கேட்பதே இல்லை.

ஏழாம் படி: மறுத்தால்

வாய்வார்த்தை மறுப்பை மறுப்பாகவே எடுக்காதீர்கள். 2000ஆம் ஆண்டின் 3ஆம் எண் நிர்வாக நீதிச் சட்டப்படி, முடிவு தெரிந்த 90 நாட்களுக்குள் எழுத்தில் காரணம் கேட்கலாம். அவர்களுக்கும் பதில் தர 90 நாள் உண்டு. சிறுநீரகம் அவ்வளவு நாள் காத்திருக்காது. எனவே கடிதத்தில் "நோயாளியின் உயிர் இதில் இருக்கிறது, ஏழு நாட்களுக்குள் பதில் வேண்டும்" என்று எழுதுங்கள். கூடவே இன்னொரு நிபுணரின் கருத்தையும், மருத்துவக் கோப்பின் நகலையும் கேளுங்கள். முன்னாள் படைவீரர் துறை சலுகையை மறுத்தால் அந்தச் சட்டத்தின் கீழேயே மேல்முறையீட்டு வாரியம் இருக்கிறது. படையில் பணியாற்றியவர் இராணுவக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். யாராக இருந்தாலும் பொதுமக்கள் பாதுகாவலரிடம் காசில்லாமல் புகார் தரலாம். மெடிக்கல் எய்ட் மறுத்தால் மருத்துவத் திட்டங்களின் மன்றம்.

கடிதத்தைக் கோபத்தில் எழுதாதீர்கள். தேதி, யார் சொன்னார், என்ன சொன்னார், எந்த விதி, என்ன கேட்கிறோம். ஒரு பக்கம் போதும்.

எட்டாம் படி: சங்கமாகச் சேர்ந்து செய்யக்கூடியது

ஒருவர் கேட்டு வாங்கினால் அது அவர் கெட்டிக்காரத்தனம். பக்கத்து வீட்டுக்காரருக்கும் கிடைத்தால்தான் நியாயம். படைவீரர் சங்கங்களும் கோவில் குழுக்களும் இதில் நிறையச் செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை அன்னதானக் கூடத்தில் ஒரு மேசை போட்டு ரத்த அழுத்தம் பார்க்கலாம், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பட்டை வைத்துச் சோதிக்கலாம். வயதானவர்களின் படை எண், முகாம் விவரம், சாட்சிகளின் உறுதிமொழி எல்லாவற்றையும் அங்கேயே எழுதி வாங்கிவிடலாம். வட்டார இராணுவ மருத்துவப் பிரிவுக்குச் சங்கத்தின் பெயரில் எழுதி, எத்தனை வீரர்கள் டயாலிசிஸில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் வீட்டில் செய்கிறார்கள், பெண்கள் எத்தனை பேர், பழைய அரசுப் படையினர் எத்தனை, இயக்கப் படையினர் எத்தனை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் 2000ஆம் ஆண்டின் 2ஆம் எண் தகவல் பெறும் சட்டப்படி பதிவேட்டைக் கேட்கலாம். அதற்கு 30 நாள் கெடு.

ஏற்கெனவே வீட்டில் பிடி செய்யும் ஒருவரை அந்த மேசையில் உட்கார வையுங்கள். பெரியப்பா அப்படி உட்காருவார். சட்டையைத் தூக்கிக் குழாயைக் காட்டி, "பார் தம்பி, இவ்வளவுதான்" என்பார். பக்கத்து வீட்டு எம்கே தாத்தா அதைப் பார்த்த பிறகுதான் தன் டாக்டரிடம் கேட்கும் கடிதத்தை என்னிடம் எழுதித் தரச் சொன்னார்.